பக்கத்து ஊரில் தண்ணீர் வந்தது, எமது ஊரில் ஏன் வரவில்லை? நிலத்தடி நீர் பற்றிச் சில விளக்கங்கள்

காத்தான்குடியில் பத்துப் பதினைந்து அடி தோண்டினால் தண்ணீர். ஹொரவப்பொத்தானைப் பக்கம் சில இடங்களில் இருநூறு அடி துளையிட்டும் வெளியே வருவது கல்தூசு மட்டும். அதே காணியில் முப்பது யார் தள்ளித் துளையிட்டால் சிலவேளை தண்ணீர் பொங்கி வரும். கல்பிட்டியில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் குடிக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. பேருவளையில் கிணறு வெயிலில் சட்டென்று இறங்கி, இரண்டு மழைக்கு மீண்டும் நிரம்பிவிடுகிறது. நாடு சிறியது. பெய்வதும் இரண்டு பருவ மழைகள்தான். அப்படியிருக்க இத்தனை வித்தியாசம் ஏன்?

இந்தக் கேள்வி பாடசாலை மாணவர்களின் புவியியல் பாடத்துக்கு மட்டும் உரியதல்ல. எமது சமூகத்தில் குழாய்க் கிணறு அமைத்துக் கொடுப்பது மிகப் பெரிய ஸதகதுல் ஜாரியாவாகக் கருதப்படுகிறது. உள்நாட்டுத் தனவந்தர்களும் வளைகுடா நாடுகளின் நன்கொடையாளர்களும் வருடாவருடம் இதற்காகப் பணம் தருகிறார்கள். பளிங்குப் பலகையில் பெயர் பொறித்துத் திறந்து வைக்கப்பட்ட கிணறுகளில் எத்தனை மூன்று வருடங்களின் பின்னும் தண்ணீர் தருகின்றன என்று யாரும் திரும்பிச் சென்று பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம், கிழக்கின் கரையோர ஊர்களில் குடிநீர்க் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே மணலில் அருகருகே இருக்கின்றன. இவ்விரு பிரச்சினைகளுக்கும் வேர் ஒன்றுதான். நிலத்துக்கடியில் தண்ணீர் எங்கே, எப்படித் தங்கியிருக்கிறது என்பதைப் பற்றி நாம் ஒரு தவறான படத்தை மனதில் வைத்திருக்கிறோம்.

அந்தப் படம் இதுதான். நிலத்துக்கடியில் ஆறு போல ஒரு நீரோட்டம் ஓடுகிறது, அதைக் கண்டுபிடித்துத் துளைத்துவிட்டால் போதும். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காணியைச் சுற்றி நடக்கும் வழக்கமும் இந்த நம்பிக்கையில் பிறந்ததுதான். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மட்டும் இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மற்ற இடங்களில் நிலத்தடி நீர் என்பது மணலின் இடைவெளிகளிலும் பாறையின் வெடிப்புக்களிலும் நிறைந்து, மிக மெதுவாக நகரும் நீர். மணல் நிலத்தில் அது ஒரு நாளைக்குச் சில அங்குலங்களோ சில அடிகளோதான் நகரும்.

ஒரு வாளி மணல், ஒரு வாளி களிமண், ஒரு கருங்கல்

பத்து லீற்றர் வாளி ஒன்றில் உலர்ந்த மணலை விளிம்புவரை நிரப்பி மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறைந்துவிட்டது போலத் தெரிந்த வாளிக்குள் ஏறக்குறைய மூன்று லீற்றர் தண்ணீர் போகும். மணிகளுக்கிடையே இருந்த வெற்றிடம் அவ்வளவு. மணலில் இது பொதுவாக நூற்றுக்கு 25 முதல் 40 வரை இருக்கும். இப்போது வாளியின் அடியில் ஒரு துளையிட்டால் ஊற்றிய நீர் முழுவதும் திரும்பி வராது. ஒரு பகுதி மணிகளின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மரத்தின் வேர் அதில் கொஞ்சத்தை உறிஞ்சும். கிணறு அதை எடுக்க முடியாது.

களிமண்ணில் கதை தலைகீழ். அதன் வெற்றிடம் மணலை விட அதிகம், நூற்றுக்கு 40 முதல் 60 வரை. ஆனால் அந்த வெற்றிடங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. நீரை அவை இறுகப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. மன்னார் மாவட்டத்தில் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மாரியில் காலைப் பிடித்து இழுக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நெல்லுக்கு அருமையான மண். அதில் கிணறு வெட்டினால் சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும், கிணற்றுக்குள் நீர் சேராது. எவ்வளவு நீரைக் கொள்கிறது என்பது ஒன்று, எவ்வளவை விட்டுக்கொடுக்கிறது என்பது வேறொன்று. நிலத்தடி நீரைப் பற்றி ஒரே ஒரு விடயத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கருங்கல். இலங்கையின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய கடினப் பாறையின் மேல்தான் இருக்கிறது. வெடிப்பில்லாத அப்பாறையில் வெற்றிடம் நூற்றுக்கு ஒன்றும் தேறாது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். பத்துப் பேர்ச்சஸ் காணி என்பது சுமார் 253 சதுர மீற்றர். மணல் நிலத்தில் அக்காணியின் கீழ் நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் கிடைக்கும் நீர் சுமார் 50,000 லீற்றர். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஆளுக்கு 120 லீற்றர் வீதம் நாளொன்றுக்கு 600 லீற்றர் பாவித்தால் அது எண்பது நாட்களுக்கு மேல் போதும். வெடிப்புக்கள் குறைந்த கடினப் பாறையில், தாராளமாக நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், அதே ஒரு மீற்றர் தருவது 2,500 லீற்றர். நான்கு நாட்களுக்குத்தான் வரும். காத்தான்குடிக்கும் ஹொரவப்பொத்தானைக்கும் உள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

கடினப் பாறையில் தண்ணீர் இருக்கும் இடங்கள்

அப்படியானால் அனுராதபுரம், குருநாகல், வவுனியா மாவட்டங்களில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? இப்பாறையின் மேற்பகுதி நீண்ட காலமாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து உக்கிப் போயிருக்கிறது. அந்த உக்கிய படை பெரும்பாலான இடங்களில் பத்து மீற்றருக்கு மேல் தடிப்பில்லை. வீட்டுக் கிணறும் தோட்டக் கிணறும் இதிலிருந்துதான் நீரைப் பெறுகின்றன. அதற்குக் கீழே திடமான பாறை. அப்பாறையில் சில இடங்களில், பெரும்பாலும் நூறு அடிக்குக் கீழே, வெடிப்பு வலயங்கள் உண்டு. குழாய்க் கிணறு தேடுவது அந்த வெடிப்பைத்தான். துளைக்கும் குழாய் அதைச் சந்தித்தால் தண்ணீர். முப்பது யார் விலகினால் தூசு. “பக்கத்து வீட்டில் வந்ததே” என்ற ஆதங்கத்துக்கான பதில் இதுதான்.

உக்கிய படை தனித்து நிற்கும் ஒன்றல்ல. எமது முன்னோர் கட்டிய சிறு குளங்கள் அதற்கு நீர் ஊட்டுகின்றன. ஒரே பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக, ஒன்றின் மிகுதி நீர் அடுத்ததற்குச் செல்லும் வகையில் அமைந்த குளத்தொடர்களைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். குளத்தில் நீர் நிற்கும் மாதங்களில் அது கசிந்து சுற்றுப்புறத்து நீர்மட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. குளக்கட்டுக்குக் கீழேயுள்ள கிணறு கடைசிவரை வற்றாமல் இருப்பதன் இரகசியம் இது. குளத்தைத் தூர்ந்துபோக விட்டு, அல்லது அதன் ஓரத்தை நிரப்பி வீடு கட்டிவிட்டு, கிணறு வற்றுகிறதே என்று குழாய்க் கிணற்றுக்கு மனுப் போடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

1980களின் இறுதியிலிருந்து அரச மானியத்துடன் வரண்ட வலயத்தில் ஆயிரக்கணக்கான விவசாயக் கிணறுகள் வெட்டப்பட்டன. வெங்காயமும் மிளகாயும் செய்து பலர் முன்னேறினார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் படை மெல்லியது. ஒரு பள்ளத்தாக்கு தாங்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் கிணறுகள் நெருங்கிவிட்டால், ஒருவர் பம்பியை இயக்கும்போது அடுத்தவரின் கிணறு இறங்குகிறது. மேலும் ஆழமாக்கினால் நீரா கிடைக்கும்? பாறைதான் தட்டுப்படும்.

வெடிப்புக்குள் இருக்கும் நீர் எப்படி ஒன்றோடொன்று தொடர்புபட்டிருக்கிறது என்பதற்கு இந்நாட்டில் நாம் கண்ட மிகப் பெரிய பாடம் உமா ஓயா. அத்திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பகுதியில் மலையின் ஆழத்தில் சுரங்கம் குடைந்துகொண்டிருந்தபோது, 2014 டிசம்பரில் இயந்திரம் நீர் நிறைந்த வெடிப்பு வலயமொன்றைத் தாக்கியது. சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது. மேலே கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றத் தொடங்கின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. சுரங்கம் எங்கோ ஆழத்தில், கிணறு மேலே தோட்டத்தில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். வெடிப்புக்கள்தான் அந்தச் சம்பந்தம். 2017 இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது.

குழாய்க் கிணற்று நன்கொடைக்கு வருவோம். கடினப் பாறைப் பிரதேசத்தில் ஆய்வு செய்யாமல் துளைப்பது சூதாட்டத்துக்குக் கிட்டிய வேலை. நிலத்துக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி அதன் தடையை அளந்து வெடிப்பு வலயங்களை ஊகிக்கும் முறை உண்டு. 1964 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான நீர்வளச் சபை இத்தகைய ஆய்வுகளைச் செய்கிறது. முழுச் செலவில் அதற்குப் போவது சிறு பங்கு. அடுத்தது நீரின் தரம். பாறையில் நீண்ட காலம் தங்கிய நீர் பாறையிலுள்ளவற்றைக் கரைத்துக்கொண்டு வரும். வடமத்திய மாகாணத்தில் பிள்ளைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிவதற்குக் காரணமான புளோரைட் அப்படி வருவதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். எமது காலநிலையில் மக்கள் அதிகமாக நீர் அருந்துவதால் இலங்கைத் தரநிர்ணயம் அதை 1.0 ஆகக் குறைத்திருக்கிறது. கொதிக்க வைத்தாலும் வடித்தாலும் புளோரைட் போகாது. அப்பிரதேசங்களின் சிறுநீரக நோய்க்கான காரணம் விஞ்ஞானிகளிடையே இன்னும் முடிவாகவில்லை என்றாலும், குடிநீர் மீதான சந்தேகம் நீங்கவில்லை. ஆகவே நீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் ஒரு கிணற்றை மக்களிடம் கையளிப்பது நன்மையை நாடிச் செய்யும் காரியத்தில் ஒரு பெரிய குறை. ஆழக் கிணற்று நீர் தெளிவாக இருக்கும், குளிராக இருக்கும். அந்தத் தெளிவே மக்களை ஏமாற்றிவிடுகிறது.

மணலில் மிதக்கும் நன்னீர்

இனி எமது மக்கள் நெருக்கமாக வாழும் கிழக்குக் கரையோரம். காத்தான்குடி, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்கள் கடற்கரை மணலில் அமைந்தவை. காத்தான்குடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் மணல் திட்டு. கடலிலிருந்து சில நூறு யாரில் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வருகிறதே, இது எப்படி?

மணலில் இறங்கிய மழைநீர், அதற்கு அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரினது ஏறத்தாழ 1.025. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைதான். ஆனாலும் அது போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் ஒருவரும், சற்றுப் பின்னர் ஜேர்மனியர் ஒருவரும் தனித்தனியே ஒரே விதியைக் கண்டார்கள். நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும். நடுவில் தடித்து, இரு கரைகளிலும் மெலிந்து, மூக்குக்கண்ணாடி வில்லையைப் போன்ற வடிவம்.

நாற்பதுக்கு ஒன்று என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. அதைத் திருப்பிப் பாருங்கள். நீர்மட்டம் ஓரடி நிரந்தரமாக இறங்கினால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலே வர இடமுண்டு. ஒரு கோடையில் அது நடந்துவிடாது. ஆனால் சக்திவாய்ந்த மோட்டாரைப் பூட்டி ஒரே இடத்தில் இழுத்தால், அந்த இடத்துக்குக் கீழே உவர்நீர் கூம்பாக மேலெழும். மணல் நிலத்தில் குழாயை ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நினைப்பது ஹொரவப்பொத்தானையின் தர்க்கத்தைக் காத்தான்குடிக்குக் கொண்டுவருவது. இங்கே நல்ல தண்ணீர் மேலேதான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 இன் பின்னர் இதை நாம் கண்ணால் கண்டோம். சுனாமி அலை கரையோரக் கிணறுகளை உப்புநீரால் நிரப்பிச் சென்றது. உதவிக்கு வந்தவர்கள் நல்லெண்ணத்துடன் பம்பிகளைப் பூட்டிக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கிணற்றிலிருந்த சேற்றையும் கழிவையும் அகற்ற ஒருமுறை இறைத்தது அவசியம். அதற்கு மேல் இறைத்ததால் உப்பு குறையவில்லை. சுற்றியுள்ள மணல் முழுவதும் உப்பேறியிருந்தது. இறைத்த உவர்நீரைப் பக்கத்திலேயே ஊற்றியதால் அது மீண்டும் மணலுக்குள் இறங்கியது. சில இடங்களில் அடியிலிருந்த உவர்நீரும் மேலே வந்தது. மட்டக்களப்புப் பிரதேசத்தில் ஆய்வு செய்தவர்களின் முடிவு, கிணறுகளை மீட்டது பம்பிகள் அல்ல, அடுத்தடுத்த மாரி மழைகளே என்பதாகும்.

அந்த மாரி மழையின் கணக்கையும் பார்த்துவிடுவோம். வருட மழை 1,600 மில்லிமீற்றர் என்று கொண்டால் பத்துப் பேர்ச்சஸ் காணியில் விழுவது 4 இலட்சம் லீற்றர். இதில் மூன்றில் ஒரு பங்கு ஆவியாதல், வழிந்தோடல் எல்லாம் போக நிலத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 1,35,000 லீற்றர். மேலே சொன்ன ஐந்து பேர் குடும்பத்தின் வருடத் தேவையோ 2,19,000 லீற்றர். வீடு, முற்றத்துக் கொங்கிரீட், இன்டர்லொக் கல் எல்லாம் சேர்ந்து மண்ணை மூடிவிட்டால் இறங்கும் பங்கு இன்னும் குறையும். அப்படியிருந்தும் கிணறுகள் வற்றவில்லையே என்று கேட்பீர்கள். வற்றாததற்கு ஒரு காரணம், நாம் பாவித்த நீர் குளியலறையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் அதே மணலுக்குத் திரும்புவது. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நெருக்கமான ஊரில் கிணற்று நீரின் ஒரு பகுதி ஏற்கெனவே யாரோ ஒருமுறை பாவித்த நீர்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழமையாகச் சொல்வார்கள். சதுரமான பத்துப் பேர்ச்சஸ் காணியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி. இந்த எல்லையில் கிணறு, அந்த எல்லையில் குழி என்று வைத்தால்தான் விதி நிறைவேறும். ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் அடுத்தவரின் கிணறு இருக்கிறது! ஐந்து பேர்ச்சஸில் வீடு கட்டுபவருக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. சில சதுர கிலோமீற்றருக்குள் சுமார் 40,000 பேர் வாழும் காத்தான்குடியில் இதைத் தனி வீட்டுப் பிரச்சினையாகப் பார்த்துத் தீர்க்க முடியாது.

மணல் நல்ல வடி என்பது உண்மைதான். கிருமிகளில் பெரும்பகுதி மணலின் மேற்படையில், நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்றோட்டமான பகுதியில், அழிந்துவிடும். நிலத்தடி நீரில் கலந்தவையும் நாளடைவில் இறக்கும். ஜேர்மனியில் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி, நீர் வந்துசேர 50 நாட்கள் எடுக்கும் தூரம்வரை பாதுகாப்பு வலயம் வைப்பது இதனால்தான். ஆனால் மாரியில் நீர்மட்டம் ஏறிக் குழியின் அடியைத் தொடும்போது அந்த வடி வேலை செய்யாது. கழிவு நேரடியாக நீருக்குள் இறங்குகிறது. வெள்ளத்துக்குப் பின் வயிற்றோட்டம் பரவுவதில் வியப்பில்லை.

நைத்திரேற்றின் கதை இன்னும் கடினம். மனிதக் கழிவிலிருந்தும் பசளையிலிருந்தும் வரும் இந்த உப்பை மணல் பிடித்து வைப்பதில்லை, கொதிக்க வைத்தால் நீங்குவதுமில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம், உடல் நீலம் பாரிக்கலாம். கல்பிட்டிக் குடாநாட்டின் மணலில் மரக்கறித் தோட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் இறைத்து, பசளை போட்டு, மீண்டும் இறைப்பதால் பல கிணறுகளில் இந்த எல்லை தாண்டப்பட்டிருப்பதை ஆய்வுகள் 1990களிலிருந்தே காட்டியிருக்கின்றன.

“எங்களுக்குத்தான் உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் வந்துவிட்டதே, இனிக் கிணறு எதற்கு?” என்று மட்டக்களப்புப் பக்கம் சிலர் கேட்கிறார்கள். குழாய்நீர் வந்தது பெரும் நிம்மதி, ஐயமில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் அந்த நீரும் பாவித்த பின் இதே மணலுக்குள்தான் போகிறது. இறைப்பது குறைந்து இறங்குவது கூடினால் நீர்மட்டம் உயரும், குழிகளின் அடி நனையும். குழாயில் தண்ணீர் நிற்கும் நாளில் மக்கள் கவனிப்பாரற்றுக் கிடந்த அதே கிணற்றுக்குத்தான் திரும்புவார்கள். குழாய்நீர்த் திட்டத்துக்கு எம்மவர் காட்டிய ஆர்வத்தில் பாதியையாவது கழிவுநீர்த் திட்டத்துக்குக் காட்டியிருக்கலாம். தேர்தல் மேடைகளில் அது எடுபடாத விடயம் போலும்.

மற்ற நிலங்கள்

மண் விஞ்ஞானி கலாநிதி சி. ஆர். பானபொக்க இலங்கையின் நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார். உக்கிய பாறைப் படையும் கரையோர மணலும் அவற்றில் இரண்டு. ஆற்றங்கரை வண்டல் இன்னொன்று. அதன் நீர் ஆற்றோடு ஏறி இறங்கும். ஆற்றில் மணல் அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்தால் கரையிலுள்ள கிணறும் தாழும்.

பேருவளை, தர்ஹா நகர்ப் பக்கம் காணப்படும் கபூக் மண் துளைகள் நிறைந்தது. பெரும் மழையை விரைவாக உள்வாங்கி, விரைவாகவே விட்டுவிடும். அங்கு மழை அடிக்கடி பெய்வதால் அது பெரிய பிரச்சினையாகத் தெரிவதில்லை. கபூக் கல்லை வெட்டி எடுத்து வீடு கட்டுபவர்கள், அந்தக் கல்லோடு நீர் தங்கும் இடமும் போகிறது என்பதை நினைப்பதில்லை.

யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அக்கல்லை மெல்லக் கரைத்துக் குகைகளும் வாய்க்கால்களும் ஆக்கியிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இப்படிப் பிறந்தவை. நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். மேலே சொன்ன மிதக்கும் வில்லையின் இன்னொரு வடிவம் அது. சுண்ணாம்புக்கல்லில் நீர் வேகமாக ஓடுவதால் அழுக்கும் வேகமாக ஓடும். வடிகட்டுவதற்கு அங்கே மணல் இல்லை.

வனாத்தவில்லு, முருங்கன், முசலியின் கொண்டச்சி ஆகிய இடங்களில் ஆழத்தில் வேறொரு களஞ்சியம் உண்டு. நீர் ஊடுருவாத படைகளுக்கிடையே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் அது. குழாய் அதைத் தொட்டவுடன் நீர் தானாகவே மேலே ஏறும். சில இடங்களில் நிலத்துக்கு மேலும் பாயும். ஆட்டீசியன் கிணறு என்று பாடப் புத்தகத்தில் படித்தது இதைத்தான். பார்ப்பவர்களுக்கு வற்றாத ஊற்றாகத் தோன்றும் இந்நீர் மிக மெதுவாகவே நிரம்புகிறது. இதிலிருந்து எடுப்பதைக் கிணற்று நீராக எண்ணாமல் வங்கியில் இருக்கும் சேமிப்பாக எண்ணுவதே பொருத்தம்.

செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. 2005 இலேயே நாட்டுக்கு ஒரு தேசிய மழைநீர்க் கொள்கை வந்துவிட்டது. மணல் ஊர்களில் கூரை நீரைத் தெருவுக்கு விடாமல் காணிக்குள் இறக்குவதற்கு ஒரு குழியும் கொஞ்சம் கல்லும் போதும். பள்ளிவாசல்களின் வுழூ நீர் மலசலகூட நீரோடு கலக்காமல் தனியாக ஓடுமாறு அமைத்தால், ஒரு நாளில் ஐந்து வேளையும் ஓரளவு சுத்தமான நீர் நிலத்துக்குத் திரும்பும். ஒருவர் வுழூச் செய்ய ஐந்து லீற்றர், ஒரு நாளில் ஐந்நூறு பேர் என்றால் 2,500 லீற்றர். மேலே கண்ட குடும்பங்களில் நான்கின் ஒரு நாள் தேவைக்கு அது கிட்டத்தட்டச் சமம். புதிய குழிகளைக் கட்டும்போது அடியை மூடி, கழிவு தெளிந்த பின் மேற்படை மணலில் பரவலாகக் கசியும்படி அமைப்பது எந்தக் கொத்தனாருக்கும் இயலும். பிரதேச சபை கட்டட அனுமதியின்போது இதைக் கேட்டால் போதும். கேட்பதில்லை.

கிணறு கட்டிக் கொடுக்கும் அமைப்புக்களுக்கு ஒரு யோசனை. ஐந்து புதிய கிணறுகளுக்குச் சேர்த்த பணத்தில் நான்கைக் கட்டி, ஐந்தாவதன் பணத்தை நில ஆய்வுக்கும், நீர்ப் பரிசோதனைக்கும், மூன்று வருடப் பராமரிப்புக்கும் ஒதுக்கிப் பாருங்கள். நன்கொடையாளருக்கு அனுப்பும் புகைப்படம் ஒன்று குறையும். ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசல் கிணறு ஒன்றைத் தெரிவுசெய்து, மாதம் ஒருமுறை, காலையில் இறைக்க முன்னர், முடிச்சிட்ட கயிற்றை விட்டு நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கரையோரமாயின் உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவியால் அதையும் அளந்து எழுதலாம். அதற்கு பாடசாலை விஞ்ஞானப் பிரிவு மாணவர்கள் போதும். பத்து வருடக் கொப்பி ஒன்று கையில் இருந்தால், புதிய ஹோட்டலோ இறால் பண்ணையோ தொழிற்சாலையோ ஊருக்குள் வந்து ஆழமாக இறைக்கத் தொடங்கும் நாளில், கிணறு இறங்கியதா இல்லையா என்ற வாக்குவாதம் பிரதேச செயலகத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.